பைக், ஓட்டோ, வான்: வன்னியில இருந்து டென்ட்டோட இலங்கையைச் சுத்த எது சரி?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எண்டு எங்க பாத்தாலும் பெடியள் ஆறு பேர் சேர்ந்தால் இந்தக் கதை வரும். டென்ட்டைத் தூக்கிக்கொண்டு திருகோணமலையால இறங்கி மட்டக்களப்பு, அறுகம்பே, எல்ல எண்டு போய் கண்டியால ஏறி வருவம் எண்டு, எல்லாரும் ஓம் எண்டுவாங்கள், பிறகு எதில போறது எண்டு கேட்டவுடன ஒருத்தன் பைக் எண்டுவான், ஒருத்தன் வான் எண்டுவான், ஓட்டோ வச்சிருக்கிறவன் ஓட்டோ எண்டுவான், அதோட பிளான் வாட்ஸ்அப் குரூப்பிலயே கிடந்து செத்துப்போகும். அப்பிடி இழுபட்டுக்கொண்டு நிக்கிற ஆக்களுக்காகத்தான் இதை எழுதுறன்.

ஆறு பேர் போறதா வச்சுக்கொள்ளுவம். கிளிநொச்சியில வெளிக்கிட்டு வவுனியா, ஹொரவப்பொத்தானையால திருகோணமலை, அங்கயிருந்து ஏ15ல மட்டக்களப்பு, பொத்துவில், பிறகு மொனராகலை, வெல்லவாய, எல்ல, நுவரெலியா, கண்டி, ஏ9ல வீடு. அங்க இங்க உள்ளுக்குப் போறதையும் சேர்த்தால் 1,200 கிலோமீட்டர் அளவில வரும். கதிர்காமம், மாத்தறை, காலி, கொழும்பு, புத்தளம் எண்டு கரையோரமா முழுக்கச் சுத்தி மலைக்கும் ஏறினால் 1,500 தாண்டும்.

## முதல்ல எதைப் பாக்கோணும்

எல்லாரும் முதல்ல கேக்கிறது எண்ணைக்காசு எவ்வளவு வரும் எண்டு. அதைக் கடைசியா கேளுங்கோ. 150 சிசி பைக் ஒண்டு ரெண்டு பேரோட லீட்டருக்கு 40 ஓடினால் 1,200க்கு 30 லீட்டர், மூண்டு பைக்குக்கு 90 லீட்டர் பெற்றோல். ஓட்டோ சாமானோட 25 ஓடினால் 48 லீட்டர், ரெண்டு ஓட்டோவுக்கு 96. வான் 10 ஓடினால் 120 லீட்டர் டீசல். விலை மாசாமாசம் மாறினாலும் மூண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்திலதான் வந்து நிக்குது, ஆறாப் பிரிச்சால் வித்தியாசம் ரெண்டு கொத்துரொட்டிக் காசு வருமோ தெரியேல்ல. அதால எண்ணையை வச்சு முடிவெடுக்கிற கதையை விடுங்கோ.

உண்மையில முடிவெடுக்க வைக்கிறது பின்னேரம் அஞ்சு மணி. இலங்கையில எந்த மாசமும் ஏழு மணிக்குள்ள இருட்டிப்போகும், டென்ட் அடிக்கிற ஆக்களுக்கு வெளிச்சத்தோட இடத்துக்குப் போய்ச் சேரோணும், அதைவிட முக்கியம் யானை. நாங்க போற ரூட்டில வவுனியா–ஹொரவப்பொத்தானை ரோட்டு, பொத்துவிலில இருந்து மொனராகலைக்குப் போற லாகுகலைப் பக்கம், வரேக்க ஏ9ஐ விட்டு ஹபரணையால வந்தால் அந்தப் பக்கம், கதிர்காமம் போனால் புத்தலை–கதிர்காமம் ரோட்டு, இதெல்லாம் இருட்டினால் யானை ரோட்டில ஏறி நிக்கிற இடங்கள். எங்கட ஒட்டுசுட்டான், நெடுங்கேணி ஆக்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே உங்கட வாகனம் ஒரு நாளில, அஞ்சு மணிக்கு முதல், களைப்பில்லாம எவ்வளவு தூரம் போகும் எண்டதுதான் முதல் கேள்வி.

ரெண்டாவது சாமான். டென்ட், பாய், காஸ் அடுப்பு, சட்டி, அரிசி, தண்ணிக் கான், டோர்ச், நுளம்புவலை, ஒரு பெரிய தறப்பாள். தறப்பாளை விட்டிட்டுப் போகாதீங்கோ, கடையில விக்கிற மலிவு டென்ட் ஒரு மழைக்கே ஒழுகும், மேல தறப்பாள் இழுத்துக் கட்டினால்தான் நித்திரை. தறப்பாள் கட்டுறதுக்கு வன்னிச் சனத்துக்கு ஆரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை, 2009ல அதுக்குள்ளதானே கிடந்தனாங்கள்.

மூண்டாவது மழையும் மலையும். வெல்லவாயவில இருந்து எல்லவுக்கு 30 கிலோமீட்டருக்குள்ள 800 மீட்டருக்கு மேல ஏறோணும். ஏறுறதை விட இறங்கிறதுதான் வில்லங்கம். 2025 செப்டெம்பரில அந்த ரோட்டில பஸ் ஒண்டு பள்ளத்தில விழுந்து 15 பேர் செத்தவை. எதில போனாலும் இறக்கத்தில பிரேக்கை மட்டும் நம்பாமல் சின்ன கியரில இறக்கிற ஆள்தான் ஓட்டோணும், சமதரையில ஓடிப் பழகின எங்கட பெடியளுக்கு இது புதுசு.

| | 3 பைக் | 2 ஓட்டோ | 1 வான் |
|---|---|---|---|
| 1,200 கிலோமீட்டருக்கு எண்ணை | 90 லீட்டர் பெற்றோல் | 96 லீட்டர் பெற்றோல் | 120 லீட்டர் டீசல் |
| ஊருக்கு வெளிய சட்டப்படி வேகம் | 70 | 40 | 70 |
| அதிவேகப் பாதை | விடமாட்டாங்கள் | விடமாட்டாங்கள் | போகலாம், காசு கட்டோணும் |
| சாமான் | பெரிய தலையிடி | பரவாயில்லை | பிரச்சினையே இல்லை |
| மழை | நனையிறதுதான் | பக்கத்தால அடிக்கும் | யன்னலைப் பூட்டினால் சரி |
| கண்ணுக்குத் தெரியாத செலவு | சர்விஸ், ரயர், ரெயின்கோட், ரூம் | ஓடாத நாள் உழைப்பு | ட்ரைவர் பாட்டா (நாள்படிக் காசு), சாப்பாடு, கூடின கிலோமீட்டர் |

## பைக்

உண்மையைச் சொன்னால் ஊர் பாக்கிறதுக்கு இதுக்கு மேல ஒண்டுமில்லை. ஏ15ல வாகரைப் பக்கம் கடலும் களப்புமா வாற இடத்தில நினைச்ச உடன நிப்பாட்டலாம். கிண்ணியாவில 2009ல பாலம் திறக்கும் வரைக்கும் வாகனத்தைப் பாதை எண்டுற மிதவைப் படகில ஏத்தித்தான் அக்கரைக்கு விட்டவை, இப்ப ஒரே ஓட்டம். மணல் ரோட்டு, வயல் வரம்பு, தோட்டத்து ரோட்டு எண்டு வான் திரும்ப ஏலாத இடமெல்லாம் பைக் போகும். கொஸ்லந்தைப் பக்கம் தியலும நீர்வீழ்ச்சியின்ர மேல்ப்பக்கம், அதுதான் 220 மீட்டர் உயரத்தில இருந்து விழுகிறது, அங்க டென்ட் அடிக்கப் போற ஆக்களுக்குக் கடைசி ரோட்டில பைக்தான் வசதி, பிறகு நடை.

ஆனா ஆறு பேர் மூண்டு பைக் எண்டால் பின்னால ஒரு ஆள் இருப்பான், அப்ப டென்ட்டை எங்க கட்டுறது? டாங்கிக்கு மேல ஒண்டு, பின் கரியரில ஒண்டு, இருக்கிறவன்ர முதுகில ஒண்டு. பின்பக்கம் பாரம் கூடினால் மலை வளைவில முன் சில்லு லேசாகும், அதோட ஏத்தத்தில பல்சரே முக்கும், பிளாட்டினாவைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். அதால நான் சொல்லுறது, பைக் எண்டால் அடுப்பு, சட்டி எல்லாத்தையும் மறந்திடுங்கோ, சமைக்கிற கனவு வேண்டாம், வழிக் கடையில ரொட்டியும் சம்பலும் திண்டிட்டு படுக்க மட்டும் டென்ட் கொண்டு போங்கோ. சமையல் இல்லாத கேம்பிங் ஒரு கேம்பிங்கோ எண்டு கேட்டால் அது உங்கட விருப்பம்.

செலவு எண்டு பாத்தால் சொந்த பைக் தானே, சும்மா எண்டு நினைப்பினம். வெளிக்கிட முதல் சர்விஸ், செயின், பிரேக் லைனர், தேஞ்ச ரயர் இருந்தால் மாத்தோணும், பின்னால இருக்கிறவனுக்கும் ஒழுங்கான ஹெல்மெட், ஏனெண்டால் ரெண்டு பேருக்கும் கட்டாயம், நல்ல ரெயின்கோட். அதுக்கு மேல ஆரும் கணக்கில போடாத ஒண்டு, நனைஞ்ச இரவுக்கு ரூம். நாள் முழுக்க மழையில ஓடி உடுப்பு, பாய், டென்ட் எல்லாம் ஊறிப்போனால் ஆரும் டென்ட் அடிக்கமாட்டாங்கள், எல்லவில இல்லாட்டி நுவரெலியாவில ரூம் தேடித்தான் ஓடுவாங்கள், நுவரெலியா கடல்மட்டத்தில இருந்து 1,800 மீட்டருக்கு மேல, அந்தக் குளிரில ஈர உடுப்போட நிக்க ஏலாது. அப்பிடி ரெண்டு இரவு ரூம் எடுத்தால் வானுக்கும் பைக்குக்கும் இருந்த வித்தியாசம் அங்கயே முடிஞ்சுது.

யானையும் பைக்காரருக்குத்தான் கூடுதல் பயம். முன்னால நிண்டால் ஹோர்ன் அடிக்கிறது, லைட் அடிக்கிறது, வீடியோ எடுக்கிறது ஒண்டும் வேண்டாம், தூரத்திலயே நிப்பாட்டி ஒரு பஸ்ஸோ லொறியோ வரும் வரைக்கும் நிண்டு அதுக்குப் பின்னால போங்கோ.

ரெண்டு பேர், மூண்டு பேர், கூடினால் நாலு பேர், ஆளுக்கொரு பைக் எண்டால் கண்ணை மூடிக்கொண்டு பைக். நாளுக்கு 150 கிலோமீட்டருக்கு மேல போறேல்ல எண்டு ஒரு கட்டுப்பாடு இருந்தால் இன்னும் நல்லம். திருகோணமலை–மட்டக்களப்பு 130 அளவு, மட்டக்களப்பு–அறுகம்பே 110 அளவு, அறுகம்பே–எல்ல 130 அளவு, பாத்தீங்களோ, கிழக்குக் கரை பைக்குக்கு அளந்து வச்ச மாதிரி. முதல் நாள் திருகோணமலைக்கு 180 வரும், விடிய வெளிக்கிட்டால் மத்தியானம் சாப்பாட்டுக்கு அங்க. கடைசி நாள் கண்டியில இருந்து கிளிநொச்சிக்கு 250 தாண்டும், அதை ஒரே மூச்சில ஓடாமல் தம்புள்ளைப் பக்கம் ஒரு இரவு நில்லுங்கோ.

## ஓட்டோ

வெளிநாட்டுக்காரர் ஓட்டோவை வாடகைக்கு எடுத்து நாடு முழுக்க ஓடுறதைப் பாத்திட்டு நாங்களும் ஓடுவம் எண்டு இப்ப ஒரு ஆசை. அவைக்கு ஒரு மாசம் லீவு, எங்களுக்கு ஒரு கிழமை, அதுதான் வித்தியாசம். ஓட்டோவுக்குச் சட்டப்படி மணிக்கு 40தான், அதைக் கடைப்பிடிச்சால் கிளிநொச்சியில இருந்து திருகோணமலைக்கு ரீ குடிக்க நிக்காமலே நாலரை மணித்தியாலம், நிண்டு போனால் ஆறு. கண்டியில இருந்து வீட்டுக்கு வாறது ஒரு முழுநாள், அதுவும் இருட்டுக்குள்ள வந்து முடியும்.

நல்லது இல்லாமல் இல்லை. முன்னால ஒருத்தன், பின்னால ரெண்டு பேர், மிச்ச இடத்தில சாமான், அடுப்பும் சட்டியும் தாராளமா வரும், பாட்டு போடலாம், மழைக்குப் பக்கத் திரையை இழுத்துவிடலாம், இரவில ஒருத்தன் உள்ளுக்கயே சுருண்டு படுக்கலாம். பழுதாப்போனால் எந்தச் சந்தியிலயும் பார்ட்ஸ் கிடைக்கும், ஓட்டோ திருத்திற பாஸ் (மெக்கானிக்) இல்லாத ஊரில்லை, சிங்களம் தெரியாட்டியும் கையைக் காட்டித் திருத்தி எடுக்கலாம். கரையோரத்தில மட்டும் ஆறுதலா, திருகோணமலை, வாகரை, பாசிக்குடா, மட்டக்களப்பு எண்டு போய் வந்த வழியால திரும்பி வாற பிளான் எண்டால் ஓட்டோதான் அந்தமாதிரி. மலைக்கு வேண்டாம். ஏறும், ஏறாமல் விடாது, ஆனா பின்னால லொறியும் பஸ்ஸும் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு நிக்க நீங்க முதலாம் கியரில போறதில ஒரு சந்தோசமும் இல்லை.

செலவில முக்கியம், ஓட்டோ ஒருத்தன்ர சோறு. கூட்டாளியின்ர ஓட்டோதானே எண்டு எண்ணையை மட்டும் போட்டிட்டு வராதீங்கோ. அவன் ஒரு கிழமை ஸ்கூல் ஹயர் விட்டிட்டு வாறான், லீசிங் தவணையும் நிக்காது. அந்த உழைப்பையும் ஆறாப் பிரிச்சுக் குடுக்கோணும், குடுத்தால் ஓட்டோ மலிவில்லை எண்டு அப்பத்தான் விளங்கும். இன்னொண்டு, ஓட்ட லைசென்ஸில அதுக்குரிய வகுப்பு இருக்கோணும், பைக்குக்கும் காருக்கும் இருக்குத்தானே எண்டு ஹாண்டிலைப் பிடிக்கேலாது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரன் முதல்ல கேக்கிறது அதைத்தான்.

## வான்

டொல்பினோ கேடிஎச்சோ எந்த வானெண்டாலும் ஆறு பேருக்கு இது பெரிசு, ஒன்பது பத்துப் பேருக்குச் சரி. ஆக்கள் கூடக்கூட தலைக்குச் செலவு குறையும், மற்ற ரெண்டிலயும் ஆக்கள் கூடினால் வாகனமும் கூடும், இந்த ஒரு விசயத்தாலயே எட்டுப் பேருக்கு மேல எண்டால் நான் வேற கதை கதைக்கமாட்டன்.

சாமானைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை, பெரிய சட்டி, கூலர் பெட்டி, கதிரை கூடக் கொண்டு போகலாம். வழியில மீன் வாங்கிக் கொண்டு போய் இரவு குழம்பு வைக்கலாம். மழை வந்தால் வானுக்க குந்தியிருந்து காட்ஸ் விளையாடலாம். ஆருக்கும் காய்ச்சல் வந்தால் படுத்துக்கொண்டு வரலாம். பொம்பிளைப்பிள்ளையளும் வாற குரூப் எண்டால் உடுப்பு மாத்த, இரவில பூட்டிக்கொண்டு படுக்க ஒரு இடம் இருக்கிறது பெரிய விசயம், வீட்டில அம்மா அப்பாவிட்ட அனுமதி எடுக்கவும் இதுதான் லேசு. காலி, கொழும்புப் பக்கத்தால சுத்தி வாற ஆக்களுக்கு இன்னொரு லாபம், அம்பாந்தோட்டைப் பக்கம் அதிவேகப் பாதையில ஏறினால் கொட்டாவை வரைக்கும் 200 கிலோமீட்டருக்கு மேல மூண்டு மணித்தியாலத்துக்குள்ள முடியும், பைக்கில அதே தூரம் கடைத்தெருக்களுக்குள்ளால ஒரு நாள்.

இப்ப கூடாததுக்கு வருவம். வான் உங்கட இல்லை, ஹயர். ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் எண்டு பேசுவினம், கூடினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு எண்டு ஒரு கணக்கு இருக்கு, அந்தக் கணக்கு உங்கட வாசல்ல இருந்து இல்லை, வான்காரன்ர வாசல்ல இருந்து தொடங்கும். பரந்தன் ஆக்கள் வவுனியா வான் பிடிச்சால் வந்து போற தூரத்துக்கும் நீங்கதான் குடுக்கிறது. ட்ரைவருக்கு நாள் பாட்டா, மூண்டு நேரச் சாப்பாடு, படுக்க இடம். படுக்க இடம் எண்டதுதான் கேம்பிங்காரர் மறக்கிறது. நீங்க விடிய விடிய நெருப்பைச் சுத்தி இருந்து கத்திப்போட்டு அடுத்தநாள் வானுக்க நித்திரை கொள்ளுவீங்கள், அந்த மனிசன் நித்திரை இல்லாமல் மலை இறக்கத்தில ஓட்டோணும். அவருக்கு ஒரு ரூமோ, தூரத்தில தனி டென்டோ, ஏதோ ஒண்டு ஒழுங்கு பண்ணுங்கோ, அது தர்மத்துக்கில்லை, உங்கட உயிருக்கு.

இன்னொண்டு, வான் நிக்கிற இடத்திலதான் உங்கட டென்டும் நிக்கும். அரைக் கிலோமீட்டர் உள்ளுக்கு நல்ல இடம் இருந்தாலும் ட்ரைவர் அண்ணை தலையை ஆட்டிப்போட்டார் எண்டால் ரோட்டோரம்தான். சில ட்ரைவர்மார் தங்களுக்குத் தெரிஞ்ச கடை, தெரிஞ்ச ஹோட்டல் எண்டு திருப்பிக்கொண்டு போவினம், வெளிக்கிட முதலே அண்ணை, ரூட் இதுதான் எண்டு கதைச்சு வையுங்கோ.

ட்ரைவர் இல்லாமல் நாங்களே ஓட்டுவம் எண்டால், சாதாரண கார் லைசென்ஸில ட்ரைவரோட சேர்த்து 9 சீற்றுக்குள்ளதான். 14 சீற் வானை அதை வச்சுக்கொண்டு ஓட்டேலாது. வாடகைக்கு விடுறதுக்கு இன்சூரன்ஸ் இருக்கிற வானோ எண்டும் கேளுங்கோ.

## பஸ், பட்டா

டென்ட் பையோட பஸ்ஸில போறது ஒரு ஆள், ரெண்டு பேருக்குச் சரி. எல்லவுக்குப் போய் அங்க ஸ்கூட்டி வாடகைக்கு எடுக்கலாம், அது நல்லாவும் இருக்கும், ஆனா அது சுத்திறது இல்லை, ஒரு இடத்துக்குப் போய் வாறது.

டிமோ பட்டா எண்ட சின்ன லொறியில பின்னால எல்லாரும் ஏறி, தறப்பாள் போட்டுக்கொண்டு போவம் எண்டு ஒவ்வொரு குரூப்பிலயும் ஒருத்தன் சொல்லுவான். சாமான் ஏத்துற வாகனம், ஆக்களை ஏத்தினால் பொலிஸ் எழுதும், அதோட விட்டிடுவம்.

## டென்ட் எங்க அடிக்கலாம் எண்டதும் வாகனத்தைத் தீர்மானிக்கும்

கண்ட இடத்தில அடிக்கேலாது. யால, குமண, வில்பத்து, ஹோட்டன் சமவெளி எல்லாம் வனஜீவராசிகள் திணைக்களத்தில முதலே புக் பண்ணித்தான் முகாம் போடலாம், யால, வில்பத்து மாதிரி இடங்களுக்க பைக், ஓட்டோ உள்ள விடமாட்டாங்கள், உங்கட வானும் சரிவராது, ஜீப் பிடிக்கோணும், அந்தக் காசு எல்லாருக்கும் பொது. நக்கிள்ஸ் காட்டுக்குள்ள எண்டால் வனத் திணைக்களம். தேயிலைத் தோட்டத்துக்க எண்டால் தோட்டத்து ஆக்களிட்டக் கேட்டுத்தான். எல்ல, றிவர்ஸ்டன், பெலிகுல்ஓயாப் பக்கம் காசுக்கு டென்ட் இடம் விடுற ஆக்கள் நிறைய, ரொய்லெட், தண்ணி இருக்கும், முதல்தரம் போற ஆக்கள் வெட்கப்படாமல் அங்க போங்கோ. அந்த இடங்கள் கனக்க டென்டும் தருவினம், அப்பிடி எண்டால் பைக்காரருக்குச் சாமான் பிரச்சினை அரைவாசி தீர்ந்துது.

கிழக்குக் கரையில வாடி போட்டிருக்கிற மீன்பிடி ஆக்களிட்ட ஒரு வார்த்தை கேட்டால் கனபேர் இடம் காட்டுவினம், தமிழும் கதைக்கலாம். கோயில் மடங்களும் இருக்கு. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில இருந்து கதிர்காமத்துக்கு நடந்து போற எங்கட ஆக்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, உகந்தை எண்டு இதே கரையால எத்தினை காலமா ஒரு டென்டும் இல்லாமல் போய் வருகினம், கோயில் மண்டபமும் மரத்தடியும்தான் அவைக்கு. ஆடித் திருவிழா நேரம் கதிர்காமப் பக்கம் நீங்க போகாமல் விடுறது நல்லம், மடம் எல்லாம் நிறைஞ்சிருக்கும்.

வன்னிக்குள்ளயே முதல் இரவை வைக்கப் போறீங்களெண்டால் ரெண்டு விசயம். குளத்தின்ர அலைகரையில தண்ணிக்குக் கிட்ட அடிக்காதீங்கோ, முதலை இருக்கு. மற்றது முகமாலைப் பக்கம் மாதிரி மிதிவெடிக்கு மண்டையோட்டுப் பலகை நிக்கிற இடங்களில ரோட்டை விட்டு ஒரு அடி இறங்காதீங்கோ, பைக் எங்கயும் போகும் எண்டு நான் மேல சொன்னது அதுக்கில்லை.

## கலந்து போறது

ஏழெட்டுப் பேர் எண்டால் எனக்குப் பிடிச்சது ஒரு வானும் ரெண்டு பைக்கும். சாமான் எல்லாம் வானுக்க, பைக்கில ஆள் மாறி மாறி ஓடலாம், மழை வந்தால் பைக்கை ஓடுறவன் மட்டும் நனைவான், இடம் பாக்கிறதுக்கு பைக்கை முன்னால விட்டிட்டு வான் பின்னால வரலாம். செலவு கூடத்தான், ரெண்டு பக்கத்துச் செலவும் வரும். அதோட பைக்காரர் முன்னால பறக்க வான் எங்கயோ நிக்க, போனும் கவரேஜ் இல்லாமல் போனால் அரைநாள் தேடுறதிலயே போயிடும், அதால ஒவ்வொரு டவுணிலயும் நிண்டு சேர்ந்து போறது எண்டு முதலே பேசி வையுங்கோ.

எந்த மாசம் எண்டதைப் பொறுத்தும் விடை மாறும். மாசி கடைசியில இருந்து சித்திரை வரைக்கும் எங்கட பக்கத்து வாடை மழையும் முடிஞ்சிருக்கும், தெற்கு மழையும் தொடங்கியிருக்காது, முழுச்சுத்துக்கு அதுதான் காலம், பைக்கும் பயமில்லை, வருசப்பிறப்புக் கிழமை மட்டும் எல்லவும் நுவரெலியாவும் சனத்தால பிதுங்கும். ஆடி, ஆவணியில சோளகம் எண்டுற தென்மேல் காத்து, கிழக்கும் ஊவாப் பக்கமும் காஞ்சிருக்கும், எல்லவில காத்து டென்ட்டைப் பிடுங்கப் பாக்கும், நுவரெலியா, காலிப் பக்கம் மழை, அந்த நேரம் பைக் எண்டால் எல்லவோட திரும்பி மகியங்கனையால வாங்கோ. ஐப்பசிக்குப் பிறகு மார்கழி வரைக்கும் பைக்கையும் ஓட்டோவையும் நினைக்கவே வேண்டாம். 2025 கார்த்திகையில டித்வா புயல் மலைநாட்டு ரோட்டுகளை என்ன செய்தது எண்டு எல்லாரும் பாத்தனாங்கள், அந்தப் பக்கம் வானில போறதெண்டாலும் எந்த ரோட்டு திறந்திருக்கு எண்டு அங்கத்தைய ஆரிட்டயும் போன் அடிச்சுக் கேட்டிட்டு அட்வான்ஸைக் குடுங்கோ.